அம்மாவின் கறுப்பு அடைப்பும் மகளின் வெள்ளை அடைப்பும்

கடந்த ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை, முன்பள்ளி ஆசிரியை ஒருவர் என்னுடைய பல் சிகிச்சை அறைக்கு வந்தார். கையில் மடித்த கடதாசித் துண்டொன்று. அதைப் பிரித்தபோது பயற்றம் பருப்பளவில் வெள்ளையாக ஏதோ இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்னர் அவருடைய கீழ்க் கொடுப்புப் பல்லில் நான் அடைத்துவிட்ட அடைப்பின் ஒரு பகுதி அது. அவருடைய தாயாரும் கூட வந்திருந்தார்.

“டொக்டர், அம்மாவின்ரை பல்லிலை அடைச்சது நான் பிறக்க முந்தி. அது இன்னும் அப்பிடியே கிடக்கு. எனக்கு நீங்கள் அடைச்சது ரெண்டு வருசத்திலை கழண்டிட்டுது. ஏன்?”

கேள்வியில் கோபம் இருக்கவில்லை. அதனாலேயே அது என்னைக் கூடுதலாகச் சுட்டது. தாயாரின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். கறுத்துப்போன அமல்கம் அடைப்பு, ஓரங்களில் சற்றுத் தேய்ந்திருந்தாலும் உறுதியாக இருந்தது. மகளின் பல்லில், அடைப்பு விழுந்த இடத்தில், முரசோடு ஒட்டிய பக்கமாகப் புதிய சூத்தை தொடங்கியிருந்தது.

வெளியே நோயாளர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். அன்று நான் அவருக்குச் சொன்ன பதில் அரைகுறையானது. முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன். கறுப்பு அடைப்பு உலகம் முழுவதும் விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. இனி வரும் தலைமுறைக்கு வெள்ளை அடைப்புத்தான். ஆகவே அந்த ஆசிரியையின் கேள்வி இனி எல்லோருடைய கேள்வியும் ஆகப்போகிறது.

கறுப்பு அடைப்பு ஏன் நிலைத்தது?

அமல்கம் என்பது வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் தூளை இரசத்தோடு சேர்த்துக் குழைத்த கலப்புலோகம். அதன் நிறையில் ஏறத்தாழப் பாதி இரசம். குழைத்தவுடன் வெண்ணெய்போல மெதுவாக இருக்கும். குழிக்குள் அழுத்தி நிரப்பினால் சிறிது நேரத்தில் இறுகிவிடும்.

அமல்கம் பல்லோடு ஒட்டுவதில்லை. அது விழாமல் இருக்க வேண்டுமானால், வாய் ஒடுங்கி அடி அகன்ற பானையைப்போலப் பல்லைக் குடைய வேண்டும். இதற்காகச் சூத்தை பிடிக்காத நல்ல பல்லையும் கொஞ்சம் வெட்ட வேண்டிவரும். அமல்கத்தின் பெரிய குறை இது. ஆனால் அதற்கு ஒரு பெரிய நற்குணமும் உண்டு: ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும். கொஞ்சம் உமிழ்நீர் பட்டாலும், வைத்தியர் சற்று அவசரப்பட்டாலும் அது பெரும்பாலும் மன்னித்துவிடும். காலப்போக்கில் அதன் ஓரங்களில் உருவாகும் அரிப்புப் பொருட்கள், பல்லுக்கும் அடைப்புக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியைத் தாமாகவே அடைத்தும் விடுகின்றன. நெரிசலான சிகிச்சை நிலையங்களில் அமல்கம் இவ்வளவு காலம் கோலோச்சியதற்குக் காரணம் இதுதான்.

வெள்ளை அடைப்புக்கு இந்தப் பொறுமை கிடையாது.

வெள்ளைப் பசையில் என்ன இருக்கிறது?

நாங்கள் கொம்போசிட் என்று அழைக்கும் பொருளை விளங்கிக்கொள்ள வீட்டுக்குக் கொங்கிறீற் போடுவதை நினைத்துப் பார்க்கலாம். கொங்கிறீற்றில் கல்லும் மணலும் பலத்தைத் தருகின்றன. சீமெந்து அவற்றைப் பிணைக்கிறது. கொம்போசிட்டில் கல்லின் இடத்தில் மிக நுண்ணிய கண்ணாடித் துகள்களும் சிலிக்காத் துகள்களும் இருக்கின்றன. சீமெந்தின் இடத்தில் இருப்பது செயற்கைப் பிசின். கண்ணாடியும் பிசினும் இயல்பாக ஒட்டாதவை என்பதால், ஒவ்வொரு துகளின் மேலும் சிலேன் என்ற இணைப்புப் பொருள் பூசப்பட்டிருக்கும்.

இன்றும் பல கொம்போசிட்டுகளில் பயன்படும் பிஸ்-ஜிஎம்ஏ என்ற பிசினை உருவாக்கியவர் அமெரிக்க ஆய்வாளரான ரஃபாயெல் போவன். அதற்கான காப்புரிமை 1962 இல் வழங்கப்பட்டது. ஆரம்ப காலக் கொம்போசிட்டுகளில் துகள்கள் பெரியவை. மெல்லும்போது பிசின் தேய, துகள்கள் பெயர்ந்து விழும்; மேற்பரப்பு சொரசொரப்பாகிக் கறைபிடிக்கும். பின்னர் துகள்களை மிகச் சிறிதாக்கினார்கள். பளபளப்பு வந்தது, ஆனால் அத்தகைய பசையில் அதிக துகள்களைச் சேர்க்க முடியாததால் பலம் குறைந்தது. இன்று பல அளவுகளில் துகள்களைக் கலந்து, பெரியவற்றுக்கு இடையில் நானோ அளவிலான சிறியவற்றை நிரப்புகிறார்கள். கொடுப்புப் பல்லுக்குரிய நல்ல கொம்போசிட்டொன்றின் நிறையில் முக்கால் பங்கு அளவில் துகள்களே இருக்கும். ஆக, இன்றைய பசை பலவீனமானதல்ல. ஆசிரியையின் அடைப்பு விழுந்ததற்குப் பசையைக் குற்றம் சொல்ல முடியாது.

ஒட்டும் கலை

கொம்போசிட்டும் தானாகப் பல்லில் ஒட்டாது. ஒட்டவைக்கும் வழியைத் திறந்தவர் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரில் பணியாற்றிய மைக்கல் புவனகோர். உலோகத்தில் பூச்சு நன்றாகப் பிடிப்பதற்காகத் தொழிற்சாலைகளில் முதலில் அமிலம் பூசுவதை அவர் அறிந்திருந்தார். அதையே பல்லில் செய்து பார்த்தார். பல்லின் வெளிப்படையான எனாமலில், பாடசாலை விஞ்ஞானத்தில் நாம் மிளிரி என்று படித்ததில், பொஸ்போரிக் அமிலத்தை 30 செக்கன் பூசிக் கழுவியபோது பிசின் அதில் உறுதியாகப் பிடித்துக்கொண்டது. 1955 இல் வெளியான அந்த ஆய்வு பல் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது.

அமிலம் பட்ட எனாமலை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் தேன்கூடுபோல எண்ணற்ற நுண்குழிகள் தெரியும். நீர்போன்ற பிசின் அவற்றுக்குள் இறங்கி இறுகும்போது ஆயிரக்கணக்கான சிறு வேர்கள் பிடித்ததுபோல ஆகிவிடும். அதனால் பானைபோலக் குடையத் தேவையில்லை. சூத்தையை மட்டும் அகற்றினால் போதும். நல்ல பல் மிஞ்சும். வெள்ளை அடைப்பின் உண்மையான பெருமை அதன் நிறத்தில் இல்லை, இப்படி மிச்சம் பிடிக்கும் பல்லில் இருக்கிறது.

எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டினின் கதை வேறு. எனாமலின் நிறையில் 100 க்கு 96 பங்கு கனியுப்பு. டென்டினில் அது ஏறத்தாழ 70 பங்குதான்; மிகுதி கொலாஜன் நாரும் நீரும். அமிலம் பட்டதும் கனியுப்புக் கரைந்து நார்கள் வலைபோல வெளிப்படும். பிசின் அந்த வலைக்குள் ஊடுருவ வேண்டும். 1982 இல் ஜப்பானின் நொபுவோ நக்கபயாஷியும் அவருடைய குழுவினரும், இவ்வாறு நாரும் பிசினும் பின்னிப்பிணைந்து உருவாகும் கலப்புப் படையை விவரித்தார்கள். மனிதத் தலைமயிரின் தடிப்பைவிடப் பல மடங்கு மெல்லிய அந்தப் படைதான் அடைப்பைத் தாங்கி நிற்கிறது.

சிக்கலும் அங்கேதான். அமிலத்தால் பதப்படுத்திய டென்டினைக் காற்றடித்து அதிகமாக உலர்த்தினால், கரையில் எடுத்துப் போட்ட பாசிபோல நார்வலை படுத்துவிடும். பிசின் உள்ளே போகாது. ஈரம் அதிகமாக இருந்தாலும் பிசின் போகாது. மெல்லிய பளபளப்பு மட்டும் தெரியும் அளவுக்கு ஈரம் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் உமிழ்நீரோ இரத்தமோ ஒரு துளி பட்டால், அது துடைத்தால் போய்விடும் அழுக்கல்ல. அதிலுள்ள புரதம் படலமாகப் படிந்துவிடும். கழுவி மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டு வருடங்களுக்கு முன்னர், ஒரு நீண்ட நாளின் கடைசி நோயாளியாக அந்த ஆசிரியை வந்தார். குழி இரண்டு கொடுப்புப் பற்களுக்கு இடையில், முரசின் விளிம்புவரை இறங்கியிருந்தது. முரசு வீங்கி, தொட்டாலே இரத்தம் கசிந்தது. இன்னொரு நாள் வரச் சொல்லியிருக்க வேண்டும். அவர் லீவு எடுத்து வந்திருந்தார். எனக்கும் மனம் வரவில்லை. பஞ்சை வைத்து இரத்தத்தை அடக்கி, வேகமாக அடைத்து அனுப்பினேன். பார்ப்பதற்கு மிக அழகாகத்தான் இருந்தது. அடியில் ஒட்டு சரியாகப் பிடிக்காததை வெளியிலிருந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

நீல ஒளியும் சுருக்கமும்

அடைப்பு வைக்கும்போது நாங்கள் வாய்க்குள் பிடிக்கும் நீல விளக்கைப் பலர் “சூடு காட்டுறது” என்று நினைக்கிறார்கள். உண்மையில் வேலை செய்வது ஒளி. பெரும்பாலான பசைகளில் கம்போர்குயினோன் என்ற மஞ்சள் நிறப் பொருள் சிறிதளவு கலந்திருக்கும். ஏறத்தாழ 468 நானோமீற்றர் அலைநீளமுள்ள நீல ஒளியை அது உறிஞ்சியதும் பிசின் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளத் தொடங்கும்.

இதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதலாவது, ஒளி ஆழமாகப் போகாது. அதனால் வழமையான கொம்போசிட்டை 2 மில்லிமீற்றருக்கு மேற்படாத படைகளாக வைத்து ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். ஒரேயடியாக 4 மில்லிமீற்றர் வரை வைக்கக்கூடிய புதிய வகைகளும் இருக்கின்றன. அவற்றுக்கும் போதிய ஒளி வேண்டும். விளக்கின் முனையில் பழைய பசை ஒட்டியிருந்தாலோ, முனை பல்லிலிருந்து விலகி இருந்தாலோ, விளக்கே பழையதாகி வலுக் குறைந்திருந்தாலோ மேற்பரப்பு மட்டும் கல்லாக இறுகும். அடிப்பகுதி அரைவேக்காடாக இருக்கும். மேலே தட்டிப் பார்த்து இதை அறிய முடியாது. ஒளியின் வலுவை அளக்கும் சிறு மானியால் விளக்கை அவ்வப்போது சோதிப்பதே வழி.

இரண்டாவது, இறுகும்போது பசை சுருங்கும். கனவளவில் பொதுவாக 100 க்கு 2 முதல் 3 பங்கு. கோடையில் குளத்துச் சேறு வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே நீர் வற்றுவதில்லை. மூலக்கூறுகள் நெருங்கிக் கைகோப்பதால் சுருக்கம் வருகிறது. விளைவு ஒன்றுதான்: சுவரிலிருந்து பிய்த்துக்கொள்ளப் பார்க்கும். ஒட்டு வலுவாக இருந்தால் தாங்கும். வலுவில்லாத ஓரத்தில் மயிரிழை இடைவெளி விழும். அதற்குள் கிருமிகளும் சீனியும் போகும். அடைத்த பிறகு குளிர்ந்த தண்ணீர் குடித்தால் கூசுவதற்கும், சில வருடங்களில் அடைப்பின் அடியில் சூத்தை வருவதற்கும் இது ஒரு முக்கிய காரணம். படைகளைச் சரிவாக வைத்து, ஒரே படை எதிரெதிர்ச் சுவர்களைச் சேர்த்து இழுக்காதபடி அடைப்பது இந்த இழுவையைக் குறைப்பதற்காகத்தான்.

கராம்பு எண்ணெய் பற்றி ஒரு சொல்

ஆசிரியையின் தாயார், மகளின் வலிக்குக் கராம்பு எண்ணெய் வைத்திருந்தார். கராம்பு எண்ணெயிலுள்ள யூஜினோல் வலியைத் தணிக்கும். ஆனால் அதே யூஜினோல் பிசின் இறுகுவதையும் தடுக்கும். யூஜினோல் கலந்த தற்காலிக அடைப்பு மருந்துகளும் அப்படித்தான். ஆகவே வெள்ளை அடைப்புக்கு வருபவர்கள் கராம்பு வைத்திருந்தால் அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். யாரும் உங்களை ஏசப் போவதில்லை. தெரிந்தால் குழியை நன்றாகச் சுத்தம் செய்துவிட்டுத் தொடங்கலாம்.

இரண்டாவது முறை

அந்தத் திங்கட்கிழமை நான் புதிய வெள்ளை அடைப்பு வைக்கவில்லை. சூத்தையை அகற்றி, கிளாஸ் அயனோமர் என்ற பொருளால் தற்காலிகமாக அடைத்தேன். பற்களுக்கு இடையில் படிந்திருந்த காரையை நீக்கி, அந்த இடுக்கை நூலால் சுத்தம் செய்யக் காட்டிக்கொடுத்தேன். அடுத்த வாரம் அவர் வந்தபோது முரசு இளஞ்சிவப்பாக, இரத்தம் கசியாமல் இருந்தது. பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

முதலில் நிறம் பார்த்தேன். பல் உலர்ந்தால் வெளிறித் தோன்றும் என்பதால் இதை ஈரமாக இருக்கும்போதே செய்ய வேண்டும். விறைப்பு ஊசி போட்ட பிறகு, மெல்லிய இறப்பர் விரிப்பைப் பற்களின் மேல் மாட்டினேன். பல் மட்டும் வெளியே தெரியும். நாக்கும் உமிழ்நீரும் மறுபுறம் இருக்கும். இந்த விரிப்பு 1864 இலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. இன்னும் பல இடங்களில் நேரமில்லை என்று அதை ஒதுக்கிவிடுகிறோம்.

முரசை ஒட்டிய ஓரத்தில் எனாமல் மிஞ்சியிருக்கவில்லை. அங்கே கொம்போசிட்டின் பிடி பலவீனம். அதனால் அடியில் கிளாஸ் அயனோமரை வைத்து, அதன் மேல் கொம்போசிட்டை வைக்கும் முறையைத் தெரிவு செய்தேன். கிளாஸ் அயனோமர் பல்லோடு இரசாயன ரீதியாகத் தானாகவே ஒட்டும். புளோரைட்டையும் மெதுவாக வெளிவிடும். தேய்வைத் தாங்கும் பலம் குறைவு என்பதால் மெல்லும் பரப்புக்குக் கொம்போசிட் வேண்டும். பக்கத்துப் பல்லோடு சரியாகத் தொட்டு நிற்பதற்காக மெல்லிய உலோகப் பட்டியைச் சுற்றி ஆப்பு வைத்தேன். பிறகு அமிலம், கழுவுதல், ஒட்டும் திரவம், படை படையாகப் பசை, ஒவ்வொன்றுக்கும் ஒளி. கடைசியில் மேற்பல் கடிக்கும் இடத்தைச் சரிபார்த்து மெருகூட்டினேன்.

மொத்தம் 50 நிமிடங்கள் எடுத்தது. முதல் முறை நான் எடுத்தது அதில் பாதிகூட இல்லை.

நேரம் யாரிடம் இருக்கிறது?

இரசம் சூழலில் சேர்வதைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கைக்கு மினமாட்டா என்று பெயர். இரசக் கழிவு கலந்த கடலின் மீனை உண்டு பெருந்துயரம் அனுபவித்த ஜப்பானிய நகரத்தின் பெயர் அது. இலங்கை 2017 இல் இந்த உடன்படிக்கையை ஏற்று உறுதிப்படுத்தியது. பல் சிகிச்சை நிலையக் கழிவுநீர் வழியாகவும், உடல்களைத் தகனம் செய்யும்போது ஆவியாகவும் அமல்கத்திலுள்ள இரசம் சூழலுக்குப் போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியிலிருந்து பல் அமல்கத்தைப் பெரும்பாலும் தடைசெய்துவிட்டது. 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய உடன்படிக்கை நாடுகள், 2034 இல் பல் அமல்கத்துக்கு முடிவுகட்ட உடன்பட்டன.

இது நல்ல முடிவு. இதைக் கேட்டு, வாயிலிருக்கும் நல்ல கறுப்பு அடைப்புகளைக் கழற்றிவிட வேண்டும் என்று யாரும் அவசரப்படத் தேவையில்லை. கழற்றும்போதுதான் இரச ஆவி அதிகம் வெளிவரும். நல்ல பல்லும் வீணாகும். தாயாரின் அடைப்பை நான் தொடவில்லை.

எனக்குள்ள கவலை வேறு. பொருளை மாற்றுவது இலகு, சுற்றறிக்கையொன்று போதும். ஆனால் அமல்கம் மன்னித்த அவசரத்தைக் கொம்போசிட் மன்னிக்காது. அரச வைத்தியசாலையில் விடியற்காலையில் வந்து இலக்கம் எடுத்துக் காத்திருப்பவருக்கு அதே 15 நிமிடத்தில், உமிழ்நீர் உறிஞ்சும் இயந்திரம் ஒழுங்காக வேலை செய்யாத கதிரையில், அளந்து பாராத விளக்கோடு வெள்ளை அடைப்பு வைத்தால், அது சில வருடங்களில் விழும். திரும்பத் திரும்ப அடைக்கும்போது குழி பெரிதாகும். கடைசியில் பல்லைப் பிடுங்க நேரும். பணம் உள்ளவர் தனியார் சிகிச்சை நிலையத்தில் ஒரு மணித்தியாலத்தை வாங்கிக்கொள்வார். இல்லாதவருக்கு என்ன கிடைக்கும்?

இந்தப் பசையும் திரவமும் முழுவதும் இறக்குமதி. குளிரான இடத்தில் வைக்க வேண்டும்; காலாவதித் திகதி உண்டு. ஒட்டும் திரவத்தின் மூடியைத் திறந்து வைத்தால் எங்கள் வெக்கையில் அதன் கரைப்பான் விரைவில் ஆவியாகிவிடும். ஆகவே அமல்கத்தை நிறுத்தும் திட்டத்தோடு இறப்பர் விரிப்பு, உறிஞ்சும் இயந்திரம், ஒளிமானி, ஒரு நோயாளிக்கு உரிய நேரம் ஆகியவையும் சேர்ந்து வர வேண்டும். நேரம் கொடுக்க முடியாத இடங்களில் கிளாஸ் அயனோமரை நேர்மையாகத் தெரிவு செய்வது, அரைகுறைக் கொம்போசிட்டைவிட நல்லது.

நோயாளர்கள் செய்யக்கூடியவையும் உண்டு. முரசில் இரத்தம் வந்தால் முதலில் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள். “இன்னொரு நாள் வாங்கோ” என்று வைத்தியர் சொன்னால், தட்டிக்கழிப்பதாக எண்ண வேண்டாம். “இறப்பர் போட்டுச் செய்வீங்களோ?” என்று தயங்காமல் கேளுங்கள். அடைத்த பின் சில நாட்கள் மெல்லிய கூச்சம் இருக்கலாம். கடிக்கும்போது அந்தப் பல் முந்தித் தட்டுப்பட்டால் உடனே திரும்பி வாருங்கள். தேநீரும் வெற்றிலையும் வெள்ளை அடைப்பில் கறையை ஏற்றும். இரவில் புளோரைட் பற்பசையால் துலக்காமல் படுத்தால் எந்த அடைப்பும் நிலைக்காது. மெல்லும் முனைகளே உடைந்துபோன பெரிய குழியென்றால், அடைப்புக்குப் பதிலாகப் பல்லுக்கு மூடி போடுவது பற்றிக் கேளுங்கள்.

வேலை முடிந்த அன்று ஆசிரியையிடம் நான் ஒன்றைச் சொன்னேன்: “பிள்ளை, முதல் முறை பிழை மருந்திலை இல்லை. அண்டைக்கு நான் உங்களைத் திருப்பி அனுப்பியிருக்கோணும்.” அவர் நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டு சிரித்தார். தாயார்தான் கேட்டார்: “இது எவ்வளவு காலம் இருக்கும் டொக்டர்?”

நன்றாக வைத்த வெள்ளை அடைப்புகள் கொடுப்புப் பல்லிலும் 10 வருடங்களுக்கு மேல் நிலைப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதைத்தான் அவருக்குச் சொன்னேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொல்லியிருக்கிறேன். முதல் ஆறு மாதம் முடிந்து வந்தபோது ஓரம் முழுவதும் தேடிப் பார்த்தேன். இடைவெளி இல்லை, முரசும் நன்றாக இருந்தது.